"நீங்களே பாத்துக் குடுங்க"

2018 ஜூன் மாதம். ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. மூன்று சுற்று நேர்காணல் முடிந்து எச்.ஆர். அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு வாரமாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தயாரானவன் நான். சாப்ட்வேர் டெஸ்டிங்கில் எந்த மூலையிலிருந்து கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நீங்களே பாத்துக் குடுங்க மேடம்."

அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு எண்ணைச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வாங்கிக்கொண்டிருந்ததைவிட அதிகம்தான். வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து, என்னோடு ஒரே நாளில் ஒரே வேலைக்குச் சேர்ந்தவன் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொன்னான். என்னைவிட வருஷத்துக்கு 2.4 லட்சம் அதிகம். அனுபவமும் அதே அளவுதான். அவன் ஒரு தொகை கேட்டிருக்கிறான், அவர்கள் குறைத்திருக்கிறார்கள், இவன் மறுபடி கேட்டிருக்கிறான், நடுவில் ஒரு இடத்தில் முடிந்திருக்கிறது. "நீ கேக்கவே இல்லையா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் சொன்ன அந்த வாக்கியம் என்னுடையதே இல்லை. அது என் அப்பாவுடையது.

எங்கள் ஊர் குமாரபாளையம். காவிரிக்கு அந்தக் கரை பவானி, இந்தக் கரை நாங்கள். அப்பா விசைத்தறி ஓட்டினார். பட்டறைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். தறிச் சத்தத்தில்தான் தூங்குவோம். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் எல்லோருக்கும் முழிப்பு வந்துவிடும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். அம்மா தறிக்கு நூல் தார் சுற்றினார்.

விசைத்தறிப் பக்கத்து ஆட்களுக்கு அட்வான்ஸ் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலைக்குச் சேரும்போதே பட்டறைக்காரர் ஒரு தொகை கொடுப்பார். அதைத் திருப்பிக் கட்டும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று அது ஏறிக்கொண்டே போகும், வாரக்கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மிச்சம் என்பது பட்டறைக்காரரின் நோட்டில் மட்டும் இருக்கும். கொத்தடிமை முறையை ஒழித்து 1976-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அந்தச் சட்டம் எங்கள் லைன் வீடு வரைக்கும் நடந்து வரவில்லை.

2004-ல் ஒருநாள் அப்பா கணக்குக் கேட்டுவிட்டார். சண்டை போடவெல்லாம் இல்லை. "ஏனுங்க, மிச்சம் எவ்வளவு இருக்குதுங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "கணக்குக் கேக்கறவன் கடனைக் கட்டிட்டுக் கேளு" என்று பதில் வந்தது. மறுநாள் அவருடைய தறிகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பா இன்னொரு பட்டறையில் அதைவிடப் பெரிய அட்வான்ஸ் வாங்கி முதல் பட்டறைக்குக் கட்டினார். கடன் கைமாறியது, கூடவே நாங்களும் வீடு மாறினோம். புதுப் பட்டறையில் கூலி எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது அப்பா சொன்னார்: "நீங்களே பாத்துக் குடுங்க." எனக்கு அப்போது 11 வயது. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவிடம் இதற்கு வேறொரு பாடம் இருந்தது. டாக்டர், டீச்சர், ரேஷன் கடைக்காரர் என்று யார் முன்னால் நின்றாலும் நான் வாயைத் திறந்தால் தொடையில் ஒரு கிள்ளு விழும். வெளியே வந்தபிறகு, "பெரியவங்க முன்னாடி என்ன கேள்வி?" என்பார்.

சம்பள விஷயம் மனதை அரித்ததால்தான் 2019-ல் வேலையோடு வேலையாக இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். அப்படிப் படித்ததில் என்னைப் பிடித்து உலுக்கியது ஆனெட் லாரோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் ஆய்வு. 2003-ல் புத்தகமாக வந்தது. 88 குடும்பங்களிடம் பேட்டி எடுத்து, அதில் 12 குடும்பங்களை வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். அதில் ஒரு காட்சி. வசதியான வீட்டுப் பையன் ஒருவனை அவன் அம்மா காரில் டாக்டரிடம் கூட்டிப்போகிறார். போகும் வழியிலேயே, டாக்டரிடம் என்ன கேட்கப்போகிறாய், யோசித்து வை, வெட்கப்படாதே, எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறார். பையனும் போய்க் கேட்கிறான். உழைக்கும் வர்க்க வீடுகளிலோ டாக்டர், ஆசிரியர் முன்னால் பெற்றோரே தயங்கி நிற்கிறார்கள், பிள்ளைகளும் அதையே கற்கிறார்கள். படித்தபோது என் கை தானாகத் தொடையைத் தடவியது.

லாரோ ஒன்றும் நம்ம வீட்டு வளர்ப்பு மட்டம் என்று எழுதவில்லை. பள்ளியும் ஆபீஸும் ஆஸ்பத்திரியும் ஒருவகை வளர்ப்புக்கு மட்டுமே பரிசு கொடுக்கின்றன என்பதுதான் அவர் காட்டுவது. நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன். கேட்காமல் இருப்பதை நாங்கள் அறியாமையால் பழகவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் பழகினோம். கேட்ட ஒரே தடவைக்கு எங்கள் வீடு கொடுத்த விலை எனக்குத் தெரியும். "தன்னம்பிக்கையோடு கேளுங்கள்" என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஆனால் ஒரு இடத்தில் காப்பாற்றிய பழக்கம் இன்னொரு இடத்தில் குழி பறிக்கும். எனக்கு எங்கெல்லாம் பறித்தது என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலாவது, 2011 பொறியியல் கவுன்சிலிங். நானும் அப்பாவும் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அண்ணா பல்கலைக்கழகம் போனோம். கவுன்சிலிங் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு அப்பா, மகளோடு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பைல். ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும் வரிசைப்படுத்திப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். தேர்ச்சி விகிதம் என்று ஒன்றை வெளியிடுகிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். அவரிடம் கேட்கலாமா என்றேன். "வேண்டாம் கண்ணு, அவரு வேலையா இருக்காரு" என்றார் அப்பா. கடைசியில், கல்லூரி பஸ் எங்கள் ஊர் வழியாக வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கல்லூரியை எடுத்தோம். நான்கு வருஷத்தில் அங்கே வேலைக்கு ஆளெடுக்க வந்த கம்பெனிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கவுன்சிலிங் 2018 முதல் ஆன்லைனுக்குப் போய்விட்டது. ஆனாலும் பைல் வைத்திருக்கும் அப்பா யாருக்கு இருக்கிறார் என்பதில்தான் இன்னும் விஷயம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வந்ததும் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போகிறேன். நான் படித்த அரசுப் பள்ளியில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரியை முதலில் கேட்பது என்ற வரிசையைப் போட்டுக் கொடுக்கிறேன். தேர்ச்சி விகிதம், பிறகு கட்டணம், அதற்கப்புறம்தான் பஸ்.

இரண்டாவது, கல்விக்கடன். ஒரு வங்கியில், வீட்டுப் பத்திரம் கொண்டுவா என்றார்கள். லைன் வீட்டில் குடியிருக்கிறவனிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? திரும்பி வந்து அக்காவின் தோட்டை அடகு வைத்தோம். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு அப்போதைய விதிப்படி சொத்து ஈடு தேவையில்லை என்பதும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருந்தது என்பதும் படிப்பு முடிந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன வழக்கம். எந்த அலுவலகத்தில் முடியாது என்று சொன்னாலும், "அதை எழுத்துல குடுங்க சார்" என்று பணிவாகக் கேட்பேன். பாதி இடங்களில் அந்த முடியாது, முடியும் என்று மாறிவிடுகிறது.

மூன்றாவது, வேலை தேடிய காலம். 2015-ல் வேளச்சேரியில் ஆறு பேர் தங்கிய ஒரு அறை. எட்டு மாதம் அலைந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் உயிரைக் கொடுத்து உதவத் தயாராக இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்பதுதான். கடைசியில் வேலைக்கு வழி சொன்னவர் அறைத் தோழனின் ஆபீஸ் நண்பர். அவரை நான் அதற்கு முன் பார்த்தது இரண்டே தடவை.

மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் சொல்கிறது என்று பிறகு படித்தேன். பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுச் செய்தி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். நெருக்கம் அதிகமான எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கஷ்டம் அங்கேதான். அதனால் என்னிடம் வேலை பற்றிப் பேச வருகிற பையன்களிடம், சித்தப்பாவை விட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை பார்த்த சீனியருக்கு மெசேஜ் போடச் சொல்கிறேன். வேலை வாங்கிக் கொடுங்கள் என்று எழுதாமல், உங்கள் கம்பெனியில் நேர்காணல் எப்படி இருக்கும் என்று நாலு வரி. பதில் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

2016 ஜனவரியில் வேலை கிடைத்தது. மாதம் 12,000 ரூபாய். முதல் வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தது ஒரே காரியத்துக்கு. 2017 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவின் அட்வான்ஸ் 64,000 ரூபாயை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க. மெட்ராஸ்ல இன்ஜினியராமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். நான் உட்கார்ந்தேன். அப்பா வாசற்படியை ஒட்டி நின்றார். 13 வருஷமாக அந்தப் பட்டறையில் வேலை செய்தவர். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நான் எழுந்து நின்றிருக்க வேண்டுமா, அப்பாவை உட்காரச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இரண்டையும் செய்யவில்லை. நோட்டைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அப்பா 2004-ல் வேறொருவரிடம் கேட்ட அதே கேள்விதான். நோட்டில் பிடித்தம் எதுவும் தனியாக எழுதப்படவில்லை, மொத்தத் தொகை மட்டும் அடித்து அடித்து மாற்றப்பட்டிருந்தது. பணத்தைக் கொடுத்து, பைசல் என்று கையெழுத்து வாங்கினேன். அடுத்த வாரம் அப்பா ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டதாக அம்மா போனில் சொன்னார். கொடுத்தார்களாம்.

வேலைக்குப் போன பிள்ளைகள் முதலில் வீடு கட்டத் துடிப்பார்கள், நானும் துடித்தேன். இப்போது யாராவது கேட்டால், முதலில் வீட்டில் யாரையாவது கட்டிப்போட்டிருக்கும் கடனை அடையுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு அடுத்தபடி, ஆறு மாதச் செலவுக்குப் பணம். வசதியான வீட்டுப் பையனுக்கும் எனக்கும் இருந்த பெரிய வித்தியாசம், அவன் விழுந்தால் பிடிக்க ஆள் உண்டு என்பதுதான். பிடிக்க ஆள் இல்லாதவன் கிடைத்த வேலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். பேரம் பேசவும் மாட்டான்.

இனி உடம்பு விஷயம். ஆபீஸில் சேர்ந்த புதிதில் ஒரு பெண், "ஏன் எப்பவும் கத்திப் பேசறீங்க?" என்று கேட்டார். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் அப்படித்தான் பேசுவான் என்று எனக்கே அப்போது தெரியாது. குரலைக் குறைத்துப் பழகினேன். இப்போது ஊருக்குப் போனால் அப்பாவுக்கு நான் பேசுவது கேட்பதில்லை. பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பணம் ஒரு முதல் (மூலதனம்) என்றால், பேச்சும் ரசனையும் படிப்பும் நாலு பேரைத் தெரிந்திருப்பதும்கூட முதல்தான் என்றார். வளர்ந்த இடம் உடம்பில் பழக்கமாக ஊறிவிடுகிறது, இடம் மாறினாலும் அது சீக்கிரம் மாறாது என்றார். அவரே தென்மேற்குப் பிரான்சில் ஒரு கிராமத்துத் தபால்காரரின் மகன். தனக்குள் அந்தப் பழக்கம் இரண்டாகப் பிளந்து கிடந்ததாக அவர் எழுதியதைப் படித்தபோது, அவ்வளவு பெரிய மனுஷருக்கும் இதுதானா என்று ஒரு ஆறுதல்.

வர்க்கம் வர்க்கம் என்று எழுதிக்கொண்டே சாதியைத் தாண்டிப் போய்விட முடியாது. மடிப்பாக்கத்தில் வீடு தேடியபோது வாடகையைச் சொல்வதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்கள். சாதி வேலைகளைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்தது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். என் அப்பா ஓட்டிய அதே தறிகளை மறு ஷிப்டில் ஓட்டியவரின் மகனும் என்னைப் போலவே படித்து, என்னைப் போலவே சென்னைக்கு வந்தான். அதே சம்பளம். எனக்கு மூன்று வாரத்தில் வீடு கிடைத்தது. அவனுக்கு நான்கு மாதம் ஆனது. நான் என்ன சாதி, அவன் என்ன சாதி என்று இங்கே எழுதவில்லை, படிக்கிறவர்களுக்கு அது தேவைப்படவும் செய்யாது. (அந்த வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னதும் அப்பா பயந்துவிட்டார். "அட்வான்ஸா? எதுக்கு கண்ணு மறுபடியும்?" இது நாம் கொடுப்பது என்று புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது.)

2021-ல் மறுபடி கம்பெனி மாறினேன். இந்தத் தடவை அந்த வேலைக்குச் சந்தையில் என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்தேன், நாலு பேருமே தூரத்துப் பழக்கம்தான். ஒரு எண்ணைத் தாளில் எழுதினேன். அறைத் தோழனை எச்.ஆராக உட்கார வைத்து அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். முதல் நாலைந்து தடவை நாக்கு புரளவில்லை. நேர்காணலில் சொன்னபிறகு அந்தப் பக்கம் மௌனம். அந்த மௌனத்தில் "குறைச்சுக்கலாம் சார்" என்று சொல்ல வாய் துடித்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். கேட்டதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள், என்னைவிட அதிகம் வாங்கிய பழைய நண்பனின் சம்பளத்தைத் தாண்டிவிட்டேன். நேர்காணல் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்களே, அதற்கும் இரண்டு கேள்வி எடுத்துப் போயிருந்தேன். அதுவரை எல்லா இடத்திலும் "ஒண்ணும் இல்லைங்க சார்" என்றே எழுந்து வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பு 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. அடிமட்ட வருமானத்தில் இருக்கும் குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட டென்மார்க்கில் 2 தலைமுறை ஆகும், இந்தியாவில் 7. நான் ஒரே தலைமுறையில் தாண்டிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் அக்காவைக் கணக்கில் எடுப்பதில்லை.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். 2006-ல் பத்தாம் வகுப்பில் 432 மார்க். மூன்று வருஷம் கழித்து நான் எடுத்தது 398. அவள் பத்தோடு நின்று ஒரு நூற்பாலை ஹாஸ்டலுக்குப் போனாள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பேச்சு. வந்த பணத்தில் பாதி என் பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் போனது. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க 2011-ல் திருச்செங்கோடு தாலுகா ஆபீசுக்கு அவள்தான் என்னோடு வந்தாள், அப்பாவுக்கு ஷிப்ட். அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. "ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான்மா" என்றார் அங்கிருந்தவர். "ஒருத்தர்தானுங்க படிக்கறாங்க" என்றாள் அக்கா.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவின் மகள் எட்டாவது படிக்கிறாள், ஓயாமல் கேள்வி கேட்கிறாள். அவள் தூங்கியபிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள், இந்த வயதில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுத முடியுமா என்று. முடியும் என்றேன். எழுதி முடித்து அப்புறம் அஞ்சல் வழியில் ஏதாவது டிகிரி படிக்கலாமா என்றாள். தாராளமாக என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தாள். "ஏன்டா தம்பி, அந்த முதல் பட்டதாரி சர்டிபிகேட்டு இனி எனக்குத் தர மாட்டாங்கல்ல? வீட்டுக்கு ஒண்ணுதான். நீ வாங்கிட்டியே."